கொழும்பின் ஈரக் காற்றில் சுங்கானை உலர்த்தி ஓய்வு கொடுக்கும் முறை

வெள்ளவத்தையில், கடற்கரையை அண்டிய மாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு நான் குடிவந்த முதலாவது மழைக்காலத்தில், என் தகப்பனாரிடமிருந்து எனக்கு வந்த மரச் சுங்கானை ஓர் இரவு புகைத்துவிட்டு, சாம்பலை மட்டும் தட்டிக் கொட்டி, மேசை லாச்சிக்குள் வைத்து மூடிவிட்டேன். பத்து நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது புகையிலை இடும் கிண்ணத்தின் உட்சுவரெங்கும் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. கிண்ணத்தோடு ஒன்றாயுள்ள மரத் தண்டு ஈரத்தில் ஊதியிருந்ததால் வாய்க்குழலைக் கழற்றவும் முடியவில்லை. ஒரு சுங்கானைக் கெடுப்பது நெருப்பை விட, நெருப்பு அணைந்த பின் உள்ளே தங்கும் ஈரமே என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன். புதிதாகச் சுங்கான் வைத்திருப்பவர்களுக்கு அந்த இழப்பு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சுங்கானை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் புகைத்தலால் உடலுக்கு வரும் கேடு குறையாது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதைத் தடை செய்கிறது. ஏற்கெனவே சுங்கான் பிடிக்கும் வளர்ந்தவர்களுக்கும், பெரியவர்களிடமிருந்து வந்த சுங்கானைப் பேண விரும்புகிறவர்களுக்குமே இந்த விளக்கம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

புகையிலையில் இயல்பாகவே உள்ள நீர் ஒரு பங்கு; இலை எரியும்போது அதிலுள்ள ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து உண்டாகும் நீராவி இன்னொரு பங்கு. ஆகவே எவ்வளவு உலர்ந்த புகையிலையை இட்டாலும் நீர் வராமல் இராது. சூடான ஆவி குளிர்ந்த தண்டுக்குள் நுழைந்ததும் ஒடுங்கித் துளியாகி, தாரோடும் நுண்ணிய சாம்பலோடும் கலந்து, தண்டும் வாய்க்குழலும் பொருந்தும் இடத்தில் கபில நிறச் சாறாகத் தேங்குகிறது. புகைக்கும்போது சில வேளைகளில் கேட்கும் களகள ஒலி அந்தச் சாறு எழுப்புவதுதான்.

பெரும்பாலான மரச் சுங்கான்கள் பிரையரால் ஆனவை. மத்தியதரைக் கடலை அண்டிய நாடுகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்னும் செடியின் வேர்க்கழலையே பிரையர். வெட்டிய கழலையைப் பல மணி நேரம் நீரில் அவித்து, பின்னர் மாதக்கணக்கில் மெதுவாக உலர்த்திய பிறகே அதைக் கடைகிறார்கள். இந்த மரம் ஈரத்தை உறிஞ்சும். காலம் கொடுத்தால் தானாகவே வெளியேயும் விட்டுவிடும். ஓய்வு என்பது அந்தக் காலத்தைக் கொடுப்பதுதான்.

24 மணி நேர ஓய்வு போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். காற்று உலர்ந்த நாடுகளுக்கு அது பொருந்தும். கொழும்பிலோ ஆண்டின் பெரும்பாலான நாள்களில், காற்றின் ஈரத்தைக் காட்டும் சாரீரப்பதன் 70 வீதத்துக்கு மேலேயே நிற்கிறது. மே தொடக்கம் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றுக் காலத்திலும், ஒக்ரோபர், நவம்பர் மழையிலும் துவைத்த துணியே இரண்டு நாளாகியும் காயாமல் கிடக்கும் ஊர் இது. இங்கே இரண்டு முழு நாள்களைக் குறைந்தபட்ச ஓய்வாகக் கொள்ளுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

படி 1: சூடு ஆறுமுன்

புகைத்து முடித்தவுடன் வாய்க்குழலைக் கழற்றவே கூடாது. சூட்டில் மரமும் வாய்க்குழலும் வெவ்வேறு அளவில் விரிந்திருக்கும். அந்நிலையில் திருகினால் தண்டு வெடிக்கலாம், அல்லது பொருத்து நிரந்தரமாகத் தளர்ந்துவிடலாம். கழற்றாமலேயே, பைப் கிளீனர் எனப்படும் பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பியை வாய்ப்பக்கத்தால் விட்டு, அதன் நுனி கிண்ணத்தின் அடியில் தெரியும் வரை மெதுவாகத் தள்ளுங்கள். ஓரிரு நொடி அப்படியே விட்டு இழுத்தால், வெள்ளைப் பஞ்சு தேயிலைச் சாயத்தில் தோய்த்ததுபோல் வெளிவரும். அடுத்த கம்பி ஏறக்குறைய நிறம் மாறாமல் வரும் வரை இதைச் செய்யுங்கள். எனக்கு வழக்கமாக இரண்டு போதும், மழை நாளில் மூன்று.

கம்பி வாங்கும்போது கவனம் தேவை. சிறுவர் கைவினைக்கென்று புறக்கோட்டைக் கடைகளில் விற்கப்படும் வண்ணக் கம்பிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும், அவற்றைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் செயற்கை நார். அது ஈரத்தை உறிஞ்சாது, குழாய்க்குள் பரப்பித்தான் விடும். பருத்தி சுற்றியதையே கேட்டு வாங்குங்கள்.

படி 2: ஆறிய பின்

ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். கிண்ணத்தைக் கையில் பொத்தினால் வெதுவெதுப்பே தெரியாமல் இருக்க வேண்டும். பிறகு, அடியில் எஞ்சிய ஈரத் துகள்களோடு சாம்பலைத் தகரப் பேணி ஒன்றில் கொட்டுங்கள். தணல் ஒளிந்திருக்கக்கூடும் என்பதால் கடதாசிக் கூடையில் கொட்ட வேண்டாம். கிண்ணத்தை மேசை விளிம்பிலோ சுவரிலோ தட்டவும் வேண்டாம். தண்டு முறிவது அப்படித்தான்.

இப்போது, தண்டை ஒரு கையால் கிண்ணத்துக்கு அருகிலேயே பிடித்துக்கொண்டு, வாய்க்குழலை மெல்லத் திருகியபடி இழுங்கள். ஒருபோதும் மேலும் கீழுமாக ஆட்டாதீர்கள். வாய்க்குழலின் நுனியில், தண்டுக்குள் பொருந்தும் முளையைத் துடைத்துவிட்டு, மெல்லிய கடதாசிக் கைக்குட்டையின் ஒரு மூலையை முறுக்கித் தண்டின் துளைக்குள் விட்டுச் சுழற்றுங்கள். எல்லாப் படிகளிலும் இதுவே முக்கியமானது. கம்பி தொடாமல் போகும் அந்தச் சின்னப் பள்ளத்தில்தான் சாறு ஒளிந்து புளிக்கிறது. என் தகப்பனாரின் சுங்கானில் துர்நாற்றம் வந்ததும் அங்கிருந்துதான்.

கிண்ணத்தின் உட்புறத்தை உலர்ந்த கடதாசியால் ஒரு சுற்றுத் துடைத்தால் போதும். சுவரில் படியும் கரிப்படை ஒரு மில்லிமீற்றர் அளவில் இருப்பது மரத்தை நெருப்பிலிருந்து காக்கும். அதைச் சுரண்டி எடுக்கவும் வேண்டாம், தடித்துப்போக விடவும் வேண்டாம். மிகவும் தடித்தால் சூட்டில் அது விரிந்து கிண்ணத்தையே வெடிக்கச் செய்யும்.

படி 3: ஓய்வு

புதிய கம்பி ஒன்றைத் தண்டின் காற்று வழியில் செருகி, கிண்ணம் கீழாகவும் தண்டு மேலாகவும் சாய்ந்து நிற்கும்படி வையுங்கள். மீதி ஈரத்தில் ஒரு பகுதியைக் கம்பி உறிஞ்சும். ஒரு பகுதி கிண்ணத்தின் அடியிலுள்ள கரிப்படையில் இறங்கி, அகன்ற வாய் வழியாக ஆவியாகும். முதல் இரவு கழிந்ததும் கம்பியை எடுத்துவிட்டு வாய்க்குழலைப் பொருத்துங்கள். இறுக்கமாக இருந்தால் வலிந்து திணிக்க வேண்டாம். தண்டு ஊதியிருக்கிறது என்பதே அதன் பொருள்; இன்னொரு நாள் பொறுங்கள். அப்போதும் இறுகினால் முளையில் மென்மையான பென்சில் கரியைப் பூசுங்கள், வழுக்கிக்கொண்டு போகும்.

இடத்தைத் தெரிவு செய்வதில் நம்மவர்கள் விடும் பிழை வெயில். எதையும் யன்னல் ஓரத்தில் காயவைப்பது நமக்குப் பழக்கம். ஆனால் கறுப்பு வாய்க்குழல்கள் பல, கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய இறப்பரால் ஆனவை. ஒளியும் ஈரமும் பட்டால் அவை பச்சை கலந்த கபில நிறமாக மங்கி, வாயில் கசக்கத் தொடங்கும். தலைமயிர் உலர்த்தும் கருவியும் அடுப்பின் வெக்கையும் மரத்தைப் பிளக்கும். மூடிய பெட்டியும் லாச்சியும் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். நிழலான, காற்று உலாவும் அறையில், விசிறியின் மெல்லிய காற்றுப் படும் தூரத்தில் வைப்பதே சரி. வீட்டில் குளிரூட்டிய அறை இருந்தால் அது இன்னும் நல்லது, ஏனெனில் குளிரூட்டி காற்றிலுள்ள நீரையும் பிரித்தெடுக்கிறது.

நாளுக்கு ஒரு தடவை புகைப்பவருக்கு, இந்தக் கணக்கின்படி, மூன்று சுங்கான்களாவது தேவை. விலை கூடிய ஒன்றை வாங்கி அதை நாள்தோறும் வருத்துவதை விட, எளிய மூன்றை வாங்கி முறை வைப்பது மேல். சோளப்பொத்திச் சுங்கான் விலை மலிவு, வேகமாகவும் உலரும், தொடங்குபவருக்கு ஏற்றது. மீர்ஷாம் என்னும் வெண்கல்லால் ஆனது ஈரத்தை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் அதில் கரிப்படை வளர விடாமல் ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும்.

உலர்ந்ததா என்று அறிவது எப்படி?

மூக்கு முதற் சோதனை: தண்டின் துளையை முகர்ந்தால் புளித்த வாடை வரக்கூடாது. இரண்டாவது, ஒரு புதிய கம்பியை விட்டு எடுத்து இரு விரல்களுக்கு இடையே நசுக்கிப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஒரு நாள் வேண்டும். நான் சமையலறை இலத்திரனியல் தராசையும் பயன்படுத்துகிறேன். உலர்ந்த சுங்கானின் நிறையை ஒரு துண்டில் குறித்து வைத்து, துடைத்து வைத்த பின் நாள்தோறும் நிறுத்துப் பார்த்தால், அது பழைய எண்ணுக்கு அருகில் வந்து அசையாமல் நிற்கும் நாள் தெரிந்துவிடும். யூன் மாத மழையில் என் தடித்த சுவர்ச் சுங்கான் அந்த எண்ணுக்குத் திரும்ப மூன்று நாள் எடுத்தது.

ஊருக்குப் போய் இரண்டு, மூன்று கிழமை தங்குவதானால், இந்தச் சோதனையில் தேறிய சுங்கானை மட்டும் பருத்தித் துணிப் பையில் இட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள். தேறாததை, வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும், திறந்த இடத்திலேயே சாய்ந்து நிற்கும்படி விட்டுச் செல்லுங்கள்.