நோ நாடக உடையைத் தையல்காரியின் கண்ணோடு பார்ப்பது

ஜப்பானிய நோ நாடகத்தில் பெண் வேடத்துக்குப் போடும் கனத்த பட்டு மேலங்கிக்கு கராஓரி என்று பெயர். பார்த்ததும் கண் பூவேலைப்பாட்டிலும் பொன்னிலும் போய் நின்றுவிடும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தையல் மெஷினோடு காலம் தள்ளுகிறவள் நான். பழைய உடை எதுவானாலும் முதலில் மூட்டுத் தையலைத்தான் தேடுவேன்.

டோக்கியோ தேசிய அருங்காட்சியகமும் நியூயார்க் மெட்ரோபாலிட்டனும் பெரிய படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் இருக்கிற உடையாக எடுங்கள். உடல், கை, முன் ஓரம், கழுத்துப்பட்டி என்று துண்டு துண்டாக ஒரு தாளில் வரையுங்கள். எல்லாம் நேர்வெட்டுதான். அதனாலேயே பிரித்து மறுபடி தைப்பது சுலபம். மூட்டில் பூ பொருந்தாமல் நின்றாலோ, பக்கத்தில் பழைய மடிப்புக் கோடு தெரிந்தாலோ குறித்துவையுங்கள். உடை ஒருமுறை பிரிக்கப்பட்டிருக்கலாம்.

அடுத்து, படத்தை முடிந்தவரை பெரிதாக்கி ஒரே ஒரு இதழைப் பாருங்கள். கராஓரி அச்சு அசல் எம்பிராய்டரி போலத் தெரியும். ஆனால் அது தறியில் நெய்தது. கண்டுபிடிக்க ஒரு வழி: நெய்ததில் இதழ், இலை, காம்பு எதுவானாலும் இழைகள் ஊடையோடு (தறியின் குறுக்கு நூலோடு) குறுக்காகவே படுத்திருக்கும், விளிம்பு படிப்படியாக ஏறும். ஊசிவேலையில் இழை இதழின் வளைவுக்கேற்பத் திரும்பும். பொன் இழை பெரும்பாலும் தகடு ஒட்டிய காகிதத்தை மெல்லிய கீற்றாக நறுக்கியது. தேய்ந்த இடத்தில் காகிதம் எட்டிப் பார்க்கும்.

இனி நிறம். சிவப்பு கலந்த கராஓரி இளம்பெண் வேடத்துக்கு, சிவப்பில்லாதது வயதான பெண்ணுக்கு. ஆனால் குசும்பப் பூச் சிவப்பு வெளிச்சத்தில் வெளுத்துவிடும். 'சிவப்பே இல்லை' என்று எழுதும் முன் தையலுக்குள் மடிந்திருக்கும் ஓரத்தைப் பார்க்க வேண்டும். படத்தில் அது தெரியாது. உடையைக் கையாளும் பாதுகாவலரிடம் கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள், இந்தக் கேள்வி அவர்களுக்குப் பிடிக்கும்.

உள்துணியை வைத்து மட்டும் காலம் கணிக்காதீர்கள். மேல் துணி எடோ காலத்ததாக, அதாவது 1868-க்கு முந்தையதாக இருக்கும். உள்துணி அதற்குப் பின் மாற்றியதாக இருக்கலாம். இரண்டையும் குறிப்பேட்டில் தனித்தனியாக எழுதுங்கள்.