ஒரு கல் ஊர்விட்டு ஊர் போன கதை: தொல்பழங்கால வணிகத்தைத் தடம் பிடிப்பது எப்படி?

எழுத்தே இல்லாத காலத்தில் கணக்கேடு ஏது, நாணயம் ஏது? ஆனாலும் ஒரு மலையில் பிறந்த கல் எந்தெந்தக் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்று தொல்லியலாளர்கள் சொல்லிவிடுகிறார்கள். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று படிப்படியாகப் பார்க்கலாம். அதற்கு முன் ஒன்றை மனதில் வையுங்கள். ‘எங்கிருந்து வந்தது’ என்பது ஒரு கேள்வி, ‘எப்படி வந்தது’ என்பது வேறு கேள்வி. முதலாவதுக்கு ஆய்வகம் பதில் சொல்லும். இரண்டாவதுக்கு நாம்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

படி 1: சரியான பொருளைத் தேர்ந்தெடுங்கள்

அகழாய்வில் கிடைத்தவற்றில் அந்த வட்டாரத்தில் இயற்கையாகக் கிடைக்காத பொருள் வேண்டும். தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது அப்சிடியன் என்னும் எரிமலைக் கண்ணாடி. எரிமலைக் குழம்பு படிகமாக நேரமில்லாமல் சட்டென்று ஆறியதால் உண்டான கல் இது. உடைத்தால் விளிம்பு சவரக்கத்தி போல இருக்கும். அதனால்தான் அன்றைய மக்கள் இதைத் தேடிப்போனார்கள். நமக்கு இது பிடிக்க வேறு காரணம் உண்டு: உலகில் சில இடங்களில்தான் கிடைக்கிறது, ஒவ்வோர் இடத்துக் கல்லிலும் ரசாயனக் கலவை வேறு. உலோகத்தை உருக்கிக் கலந்துவிடுவார்கள், மூலம் குழம்பிவிடும். இந்தக் கல்லுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

படி 2: பதிவு செய்யுங்கள்

எந்த மண்ணடுக்கு, எத்தனை துண்டு, எவ்வளவு எடை. மண்ணைச் சலித்துச் சின்னச் சில்லுகளையும் எடுத்துவையுங்கள். படி 4-இல் அவைதான் பேசும்.

படி 3: கல்லின் கைரேகையை எடுங்கள்

நிறத்தை நம்ப வேண்டாம். பச்சைச் சாயல் உள்ள அப்சிடியன் மத்திய தரைக்கடலின் பான்டெல்லரியா தீவிலும் உண்டு, கிழக்கு அனதோலியாவின் (இன்றைய துருக்கி) நெம்ருத் மலையிலும் உண்டு. 1964-இல் கேன், ரென்ஃப்ரூ என்ற ஆய்வாளர்கள் இருவரும் கல்லில் மிகச் சிறிதளவே இருக்கும் தனிமங்களை அளந்து, மத்திய தரைக்கடல் வட்டாரக் கற்களை மூலம் வாரியாகப் பிரித்துக் காட்டினார்கள். இன்று எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி கையடக்கமாகவே வந்துவிட்டது. ருபிடியம், ஸ்ட்ரான்ஷியம், சிர்கோனியம் போன்றவற்றின் அளவை, கல்லைச் சேதப்படுத்தாமல் சொல்லும். அதை மலைகளில் எடுத்த மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். ரொம்ப மெல்லிய சில்லுகளில் அளவு பிசகும், கவனம்.

சிப்பிக்கு வேறு வழி. மத்திய ஐரோப்பாவின் புதிய கற்கால ஊர்களில் ஸ்பாண்டிலஸ் என்னும் கடல் சிப்பியில் செய்த நகைகள் கிடைக்கின்றன. அவை கருங்கடலிலிருந்து வந்தவையா, கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையிலுள்ள ஏஜியன் கடலிலிருந்தா? 1970-இல் ஷாக்கிள்டன் என்ற ஆய்வாளரும் ரென்ஃப்ரூவும் ஓட்டிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறான அணுக்கள்) அளந்து, ஏஜியன் பக்கம் என்று காட்டினார்கள். சிப்பி வளர்ந்த நீரின் வெப்பமும் உப்பும் ஓட்டிலேயே பதிந்திருக்கின்றன!

படி 4: என்ன வடிவில் வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஒரு சில்லைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் பளபளவென்று கண்ணாடி. மறுபக்கம் சொரசொரப்பாக, மங்கலாக இருந்தால் அது கல்லின் பழைய வெளித்தோல். இத்தகைய தோல்சில்லுகள் நிறையக் கிடைத்தால் முழுக்கல்லே ஊருக்கு வந்து, அங்கேயே உடைக்கப்பட்டிருக்கிறது. தோலே இல்லை, வேலை முடிந்த கத்திகள் மட்டும்தான் என்றால், யாரோ வேறெங்கோ செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

படி 5: தூரத்தோடு வரைபடம் போடுங்கள்

கிடைமட்டத்தில் மூலத்திலிருந்து தூரம், செங்குத்தில் கற்கருவிகளில் அப்சிடியனின் சதவீதம். அனதோலியக் கற்களுக்கு ரென்ஃப்ரூ குழு இப்படிப் பார்த்தபோது, சுமார் 300 கிலோமீட்டருக்குள் 80 சதவீதமோ அதற்கு மேலோ அப்சிடியன்தான். அதைத் தாண்டியதும் மளமளவென்று குறைந்தது. ஏன்? ஒரு கற்பனைக் கணக்கு: ஒவ்வோர் ஊரும் வந்ததில் பாதியை வைத்துக்கொண்டு மீதியை அடுத்த ஊருக்குக் கொடுக்கிறது. நூறு கல் கிளம்பினால், முதல் ஊரைத் தாண்டுவது 50, அடுத்து 25, பிறகு 12 அல்லது 13. யாரும் நெடுந்தூரம் நடக்கவில்லை, கல் மட்டும் நடந்தது. நடுவில் ஓர் ஊரில் அளவு திடீரென்று ஏறினால், அது கல்லைச் சேர்த்துவைத்துப் பிரித்துக் கொடுத்த மையமா என்று தேட வேண்டும். ஆனால் வேறுவேறு பரிமாற்ற முறைகள் ஒரே மாதிரி வளைகோட்டைத் தரக்கூடும். அதனால் வரைபடத்தோடு நிறுத்தாதீர்கள்.

படி 6: வேறு விளக்கங்களைச் சோதியுங்கள்

கிரேக்கத்தின் ஃபிராங்க்தி குகையில் சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கிலேயே மெலோஸ் தீவின் அப்சிடியன் இருக்கிறது. யாரோ கடலைக் கடந்திருக்கிறார்கள், அது உறுதி. வாங்கினார்களா, தாங்களே போய் எடுத்து வந்தார்களா என்பதைக் கல் சொல்லாது. ஆளே இடம் மாறினாரா என்று பார்க்கப் பல் எனாமலின் ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்பு உதவும். எனாமல் சிறுவயதில் உருவாவதால், வளர்ந்த மண்ணின் அடையாளம் அதில் தங்கிவிடும்.

அப்புறம் குலா என்னும் பரிசுப் பரிமாற்றம். பப்புவா நியூ கினியின் டிரோப்ரியாண்ட் தீவுகளில் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி நேரில் பார்த்து எழுதிய வழக்கம் அது. சிப்பி மாலைகள் தீவுகளை ஒரு திசையிலும், சிப்பிக் கைவளைகள் எதிர்த்திசையிலும் சுற்றிவந்தன. விலை பேசுவது இல்லை. கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் உறவுதான் முக்கியம். நாளை மண்ணைத் தோண்டுபவருக்கு அந்த மாலையும் ‘வெளியூர்ப் பொருள்’ என்றே தெரியும். ஆகவே உங்கள் குறிப்பேட்டில் முதலில் ‘பரிமாற்றம்’ என்று மட்டும் எழுதுங்கள். ‘வணிகம்’ என்று எழுத, படி 4-உம் 5-உம் சேர்ந்து இடம் கொடுக்க வேண்டும். பக்கத்திலேயே உப்பு, துணி, தானியம் என்று ஒரு வரி எழுதி வெற்றாக விடுங்கள். கல்லோடு அவையும் கைமாறியிருக்கலாம். மண்ணில் தங்குவது அரிது.