கிரேக்க வணிகச் சொற்களை ஜோடியாகப் படியுங்கள்

ஆங்கில வணிகச் சொற்களுக்கு இணையான கிரேக்கச் சொற்களைப் படிப்பவர்கள், அகர வரிசையை விட்டுவிட்டு 'இஸ்', 'எக்ஸ்' என்ற முன்னொட்டுகளை வைத்து ஜோடியாகப் படியுங்கள். இம்போர்ட் என்றால் இஸகோயீ, எக்ஸ்போர்ட் என்றால் எக்ஸகோயீ. வரவு எஸோதா (இங்கே 'இஸ்' என்பது 'எஸ்' என்று வரும்), செலவு எக்ஸோதா. கடை வாசலில் உள்ளே போக ஈஸோதோஸ், வெளியே வர எக்ஸோதோஸ்.

முதல் முன்னொட்டு 'உள்ளே', அடுத்தது 'வெளியே'. சரக்கும் பணமும் எந்தப் பக்கம் போகிறது என்பதை அதுவே சொல்லிவிடுவதால், ஒன்றைப் படித்தாலே அதன் எதிர்ச்சொல்லும் கூடவே வந்துவிடும். கூட்டமாக வெளியேறுவதைக் குறிக்கும் எக்ஸோடஸ் என்ற ஆங்கிலச் சொல்லும் எக்ஸோதோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து போனதுதான். அதைப் பிடித்துக்கொண்டால் 'எக்ஸ்' பக்கம் மறக்கவே மறக்காது. மெய்யெழுத்துக்கு முன்னால் மட்டும் அது 'எக்' என்று சுருங்கும். தள்ளுபடிக்கு எக்ப்டோஸி என்பது அப்படி வந்தது, ஏதென்ஸ் கடைக் கண்ணாடிகளில் அடிக்கடி கண்ணில் படும்.

எல்லாவற்றுக்கும் இது உதவாது. கொள்முதல் அகொரா, விற்பனை போலிஸி, விலை டிமீ, ரசீது அபோதிக்ஸி: இவற்றைத் தனியாக மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். அப்புறம், இஸகோயீ என்பது நூலின் முன்னுரைக்கும் மருத்துவமனையில் சேர்ப்பதற்கும்கூட வரும். சுற்றியுள்ள வாக்கியத்தைப் பார்த்தே பொருள் கொள்ளுங்கள்.