நீர்க்கட்டிக்கு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையா? வாங்கும் முன் இதைப் படியுங்கள்

பிசிஓஎஸ், அதாவது சினைப்பையில் நீர்க்கட்டி என்று நாம் சொல்வது, இருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்று ராத்திரியே போனை எடுத்துத் தேட ஆரம்பித்தால், பத்து நிமிடத்தில் 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' என்ற வார்த்தை கண்ணில் படும். அடுத்த பத்து நிமிடத்தில் அதை ஒழித்துக்கட்டும் என்று சத்தியம் செய்யும் ஒரு மாத்திரை டப்பாவும் வந்து நிற்கும். வார்த்தை பொய்யில்லை. டப்பாவில்தான் சிக்கல்.

முதலில் அந்த 'ஸ்ட்ரெஸ்'. இது மனசு சம்பந்தப்பட்டதில்லை, "டென்ஷன் ஆகாதே, எல்லாம் சரியாகிவிடும்" என்று வீட்டில் சொல்வதெல்லாம் வேறு கதை. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தயாரிக்கும்போது, எதோடும் சட்டென்று வினைபுரியக்கூடிய சில ஆக்சிஜன் மூலக்கூறுகள் கசிந்துகொண்டே இருக்கும். அவற்றை அடக்குகிறவைதான் ஆன்டிஆக்சிடன்ட்கள், குளுடாதயோன், கேட்டலேஸ் மாதிரி ஆட்களை உடம்பே வைத்திருக்கிறது. கசிவு கூடி, அடக்குகிற சக்தி போதாமல் போகிற நிலைக்குத்தான் இந்தப் பெயர்.

அடுத்த தவறு 'நீர்க்கட்டி' என்ற சொல்லை அப்படியே நம்புவது. ஸ்கேனில் தெரிகிறவை கரைக்கவேண்டிய கட்டிகள் இல்லை. முட்டையைச் சுமந்துகொண்டு வளர ஆரம்பித்து, 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுபோன பைகள். ஒவ்வொரு பையிலும் முட்டையைச் சுற்றி கிரானுலோசா செல்கள், அதற்கு வெளியே தீக்கா செல்கள். தீக்கா ஆன்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கும், கிரானுலோசா அதைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றும், கூடவே முட்டைக்குச் சாப்பாடும் போடும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பு அதை ஈடுகட்ட இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்க, அது தீக்காவைத் தூண்டி ஆன்ட்ரோஜனைக் கூட்டிவிடுகிறது. இன்னொரு பக்கம் ஆக்சிஜன் மூலக்கூறுகள் மிஞ்சினால் கிரானுலோசாவின் மைட்டோகாண்ட்ரியா அடிபட்டு, அந்தச் செல்கள் சீக்கிரமே செத்துப்போகலாம், பை வளராமல் நிற்கலாம். அதே மூலக்கூறுகள் இன்சுலினின் வேலையையும் கெடுக்கும். எது முதலில் ஆரம்பித்தது என்றால் கோழியா முட்டையா கதைதான். ஆக, இது ஒரு சுழல், ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் அதில் ஒரு கண்ணி. அந்த ஒன்றை மட்டும் மாத்திரையால் பிடுங்கினால் மொத்தமும் நின்றுவிடும் என்று நினைப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்பேன்.

ஏனென்றால் இந்த மூலக்கூறுகள் சுத்தமாக வேண்டாதவை இல்லை. பை வெடித்து முட்டை வெளியே வருவதற்கே அவை வேண்டும். 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் எலிகளின் சினைப்பையில் ஆன்டிஆக்சிடன்டைச் செலுத்தியபோது முட்டை வெளிவருவதே தடைபட்டது. எலிதான், நேரடியாகச் செலுத்தியதுதான், நீங்கள் விழுங்கும் ஒரு மாத்திரை அதையே செய்யும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எவ்வளவு குறைத்தாலும் நல்லதுதான் என்ற கணக்கு உதைக்கிறது.

உடற்பயிற்சியையும் அதிக டோஸ் மாத்திரையையும் ஒன்றாக ஆரம்பிப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2009-இல் வந்த ஓர் ஆய்வில், பயிற்சி செய்தவர்களில் ஒரு பகுதியினர் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் எடுத்தார்கள். பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பிக்கும் இல்லையா, அந்தப் பலன் மாத்திரை எடுக்காதவர்களுக்குக் கிடைத்தது, எடுத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. பயிற்சியின்போது உண்டாகும் சின்ன அளவு ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்தான் உடம்புக்குச் சமிக்ஞை போல. பிறகு வந்த எல்லா ஆய்வுகளும் இதையே சொல்லவில்லை, சரி. ஆனாலும் பிசிஓஎஸ்ஸில் நாம் துரத்துவதே இன்சுலினின் வேலைத்திறனைத்தான், அதில் கை வைக்கக்கூடிய ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

பிசிஓஎஸ்ஸுக்கு என்று விற்கப்படும் இன்னொரு சப்ளிமென்டான இனோசிட்டால் பற்றிக் கேட்பீர்கள். 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், தீங்கு குறைவு என்பதால் அதைப் பரிசீலிக்கலாம் என்கிறது, பெரிய பலனை எதிர்பார்க்க இடம் கொடுக்கவில்லை. இன்சுலின் நன்றாக வேலை செய்ய டாக்டர் கொடுத்த மெட்ஃபார்மினை நீங்களாகவே நிறுத்திவிட்டு இதற்கு மாறுவது மட்டும் வேண்டாம்.

முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் என்ற பி வைட்டமினை எடுப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். நாளுக்குத் தேவையானது சுமார் 30 மைக்ரோகிராம், முடி மாத்திரைகளில் 5000, 10000 என்று இருக்கும். இந்த அளவு பயோட்டின் சில இரத்தப் பரிசோதனைகளைக் குழப்பிவிடும். ஆன்ட்ரோஜன்களில் ஒன்றான டெஸ்டோஸ்டிரோனை உண்மையில் இருப்பதைவிட அதிகமாகவும், தைராய்டுக்கான டிஎஸ்எச்சைக் குறைவாகவும் காட்டலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே எச்சரித்த விஷயம் இது. இல்லாத பிரச்சினைக்கு மருந்து சாப்பிட வேண்டி வரலாம், இருக்கிற தைராய்டுக் கோளாறு தெரியாமலும் போகலாம். டெஸ்டுக்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும், டோஸ் அதிகமென்றால் இன்னும் முன்பே. எத்தனை நாள் என்று லேபில் கேட்டுவிடுங்கள்.

'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் பேனல்' என்று தனியாக டெஸ்ட் எடுக்கச் சொன்னால் தேவையில்லை. பிசிஓஎஸ்ஸைக் கண்டுபிடிக்கவோ சிகிச்சையை முடிவு செய்யவோ அது பயன்படாது. சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் பாருங்கள். ஒல்லியாக இருப்பவர்களும்தான், அவர்களுக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை வரும்.

அப்புறம் இன்னொரு தவறு, ஒரே மாதத்தில் பலன் பார்ப்பது. ஒரு சின்னப் பை வளர்ந்து முட்டையை விடும் நிலைக்கு வரக் கிட்டத்தட்ட 3 மாதம் ஆகும், அதனால் தூக்கத்தையோ நடையையோ சிகரெட்டையோ இன்று மாற்றிவிட்டு அடுத்த மாதமே கணக்குக் கேட்காதீர்கள்.

இந்தப் பொறுமை மாதவிடாய்க்குச் செல்லாது. மாத்திரை வேலை செய்யட்டும் என்று 5 மாதம், 6 மாதம் வராமலே விட்டுவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். முட்டை வெளிவராதபோது புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் சுரக்காது, கருப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும், பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு அங்கே புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். 90 நாள் தாண்டிவிட்டதா, முதலில் கர்ப்பமா என்று ஒரு டெஸ்ட், இல்லையென்றால் நேரே மகப்பேறு மருத்துவரிடம். போகும்போது அந்த டப்பாக்களையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.