கிராசியாவில் தனித்து வாழும் முதியவர்களுக்கு நல்ல அண்டை வீட்டாராக இருப்பது எப்படி?

பார்சலோனாவின் கிராசியா வட்டாரம் 1897 வரை தனி ஊராக இருந்தது. அதன் ஒடுங்கிய தெருக்களில் குடிபுகுபவர், ரொட்டிக்கடையிலும் மருந்துக்கடையிலும் மாடிப்படியிலும் அதே முகங்களையே மீண்டும் மீண்டும் காண்பார். தனியே வாழும் முதியவர்களோடு பழகத் தொடங்க இதுவே போதும்.

நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே கடைக்குச் சென்று, வரிசையில் நிற்பவர்களுக்கு ‘போன் தியா’ என்று கத்தலான் மொழியில் காலை வணக்கம் சொல்லுங்கள். நாளடைவில் யார் எப்போது வருவார் என்பது பழகிவிடும். அதன்பின் வராதவரைக் கவனிப்பதே உங்கள் முதன்மையான வேலை. 2008இல் இவ்வட்டாரத்தின் ஒரு பகுதியில் தொடங்கிய ‘ராடார்ஸ்’ திட்டம் இந்தக் கவனிப்பையே அடித்தளமாகக் கொண்டது. வழக்கமான மருந்தை வாங்க வராதது, உடையில் அக்கறை குறைவது, கிழமையை மறப்பது போன்ற மாற்றங்களைக் கடைக்காரரோ அண்டை வீட்டாரோ கண்டால், நகராட்சியின் சமூக சேவைப் பிரிவுக்குத் தெரிவிப்பார்கள். தன்னார்வலர்கள் தொலைபேசியில் நலம் விசாரிப்பார்கள். இதில் சேர்வது பற்றி நகராட்சியின் 010 எண்ணில் கேட்கலாம்.

வீட்டுக் கதவைத் தட்டுவதற்குக் காரணம் வேண்டுமென்றால், உதவி கேட்டுச் செல்லுங்கள். எந்தக் கடையில் நல்ல தக்காளி கிடைக்கும் என்று கேட்டால், நெடுங்காலம் அத்தெருவில் வாழ்ந்தவர் மகிழ்ந்து பதில் சொல்வார். இரக்கத்தோடு வருபவரிடம் அவர் அவ்வளவு எளிதில் மனம் திறப்பதில்லை. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடங்களில் மேல்மாடிக்காரர்கள் கீழே இறங்குவதே அரிது என்பதால், கடைக்குப் போகும்போது அவர்களுக்கு ஏதேனும் வேண்டுமா என்று கேட்டுச் செல்வது பேருதவி.

ஆகஸ்ட் மாதத்தில் கூடுதல் கவனம் தேவை. வெயில் கடுமையாக இருக்கும் அம்மாதத்தில் பலர் விடுமுறைக்குச் சென்றுவிடுவார்கள், கடைகள் பலவும் மூடியிருக்கும். ஆகவே யார் ஊரில் தங்குகிறார்கள் என்பதை ஜூலையிலேயே விசாரித்துவிடுங்கள். ஆகஸ்ட் நடுவில் வரும் கிராசியா திருவிழாவுக்காகத் தெருவாசிகள் பல மாதங்களுக்கு முன்பிருந்தே பழைய அட்டைகளையும் பிளாஸ்டிக் பாட்டில்களையும் வெட்டி அலங்காரங்கள் செய்கிறார்கள். உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய இவ்வேலைக்கு முதியவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். வெறும் பேச்சைவிட, கூடிச் செய்யும் வேலை மனிதர்களை விரைவில் நெருக்கமாக்கும் என்பது என் உறுதியான கருத்து.

நம்பிக்கை வளர்ந்தபின், அவருடைய சம்மதத்தோடு உறவினர் ஒருவரின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் தட்டியும் பதில் வராமல், உறவினருக்கும் ஏதும் தெரியாவிட்டால், தயங்காமல் அவசர உதவி எண்ணான 112ஐ அழையுங்கள்.