பழைய சொகுசு காரில் பவர் ஸ்டீயரிங் ஆயில் கசிவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் இருபது ஆண்டுகளைக் கடந்த பென்ஸ், பி.எம்.டபிள்யூ கார்களை வாங்கித் தாமே பராமரிக்க முற்படும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வீட்டு ஷெட்டில் மாதக்கணக்கில் அசையாமல் நின்ற வண்டிகளும் இவற்றில் உண்டு. ஓடாத வண்டியில் சீல்கள் காய்ந்து இறுகிவிடுவதால், மீண்டும் சாலையில் இறக்கியதும் முதலில் ஒழுகத் தொடங்குவது பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங் ஆயில்தான். அந்த ஒழுக்கை நிறுத்தப் புறப்படுகிறவர்கள், தொழில் பழகிய காலத்தில் நாங்கள் செய்த பிழைகளையே மீண்டும் செய்வதைக் கண்டதால் இதை எழுதுகிறேன். மூடியைச் சரியாகத் திருகாமல் விடுவது, கிளிப்பை முறுக்க மறப்பது போன்றவை அன்றைக்கே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அடியில் ஈரத்தைக் கண்டதும் ரேக்கைக் கழற்றுவது

ரேக் என்பது ஸ்டீயரிங்கின் திருப்பத்தை முன் சக்கரங்களுக்குக் கொண்டுசேர்க்கும் பல்சட்டம். பணத்தையும் உழைப்பையும் ஒருசேர வீணாக்கும் தவறு இதுவே. ஆயில் எங்கே கசிந்தாலும் கீழ்நோக்கித்தான் வரும். பம்பின் உச்சியில் துளிர்க்கும் ஆயில் பம்பின் உடலில் வழிந்து, சுழலும் பெல்ட்டில் பட்டுச் சிதறி, வண்டி ஓடும்போது வீசும் காற்றில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கடைசியில் ரேக்கின் மேலும் அதன் முனைகளை மூடும் ரப்பர் உறையான பூட்டின் (boot) மேலும் வந்து தேங்கும். வண்டியைத் தூக்கிப் பார்ப்பவர் கண்ணுக்கு நனைந்த ரேக் மட்டுமே தெரியும். “ரேக் போச்சு அண்ணே” என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அதைக் கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

குளச்சல் பக்கத்திலிருந்து ஒருவர் வி6 பெட்ரோல் எஞ்சின் கொண்ட டபிள்யூ 210 வகைப் பென்ஸ் இ-கிளாஸைக் கொண்டுவந்தார். வேறோர் இடத்தில் ரேக்கை மாற்றி, வீல் அலைன்மென்ட்டும் பார்த்து, பெருந்தொகை வாங்கியிருந்தார்கள். தரையில் விழும் ஆயில் மட்டும் நிற்கவில்லை. அந்த எஞ்சினில் ஆயில் நிற்கும் பிளாஸ்டிக் ரிசர்வாயர் பம்பின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் இருக்கும். அந்தச் சந்தில் விரலை ஓட்டியதும் விரல் நனைந்தது. ரிசர்வாயரைக் கழற்றி, ஊசியால் ஓ-ரிங்கை நெம்பியபோது அது வளையாமல் பொடுக்கென்று ஒடிந்தது. வட்டமாக இருக்க வேண்டிய அதன் குறுக்குவெட்டு தட்டையாகிப் போயிருந்தது. கழற்றிய பழைய ரேக்கை அவர் டிக்கியில் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார். அதன் பூட்டுகளை விலக்கிப் பார்த்தேன். உள்ளே மூட்டுக்கு வைத்த கிரீஸைத் தவிர ஒரு சொட்டு ஆயில் இல்லை. நல்ல ரேக்கைக் கழற்றி வீசிவிட்டு, சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் வளையத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

ஆகவே, எதையும் கழற்றுவதற்கு முன் கழுவ வேண்டும். ஆல்டர்னேட்டரைப் பாலித்தீன் தாளால் மூடிவிட்டு, பம்ப், ஹோஸ், ரேக் அனைத்தையும் டிகிரீஸர் அடித்துத் தேய்த்துக் கழுவி, காற்றடித்து உலர்த்த வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்ப, மற்றவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஈரம் தொடங்கும் மிக உயரமான இடமே கசியும் இடம். ரேக்கின் மேல் ஐயம் நீங்கவில்லையென்றால், பூட்டின் கிளிப்பைத் தளர்த்தி உட்புறம் பாருங்கள். உள்ளிருந்து ஆயில் கொட்டினால் ரேக்கின் சீல் போயிருக்கிறது. உள்ளே உலர்ந்து வெளியே மட்டும் நனைந்திருந்தால் குற்றவாளி பெரும்பாலும் மேலே இருக்கிறது. டபிள்யூ 124 வகைப் பென்ஸில் ரேக்கே கிடையாது, ஸ்டீயரிங் பாக்ஸ்தான் உண்டு. அதில் டிராப் ஆர்ம் (சக்கரங்களைத் திருப்பும் கை) சேரும் தண்டின் அடிச் சீலைப் பார்க்க வேண்டும்.

கறுத்த ஆயிலைக் கண்டால் எஞ்சின் ஆயிலா என்றும் சோதியுங்கள். வால்வ் கவரில் கசியும் எஞ்சின் ஆயிலைப் பவர் ஸ்டீயரிங் ஆயில் என்று நினைத்துப் பம்பை மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

கையில் கிடைத்த ரப்பரில் ஓ-ரிங் போடுவது

நம் மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கமெல்லாம் ரப்பர் தோட்டங்கள். அதனாலோ என்னவோ, ரப்பர் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணம் இங்கே பலருக்கு இருக்கிறது. மரத்துப் பாலில் வரும் இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊறி உப்பிக் கொழகொழத்துவிடும். தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் வாஷரும், டியூபிலிருந்து வெட்டிய துண்டும் பவர் ஸ்டீயரிங்கில் நிற்காமல் போவதற்கு இதுவே காரணம். எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பரில் செய்த, அளவு சரியான ஓ-ரிங்கையே போட வேண்டும். நாகர்கோவிலில் கிடைக்காவிட்டால் பார்ட் நம்பரைக் கொடுத்துத் திருவனந்தபுரத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வரவழைக்கலாம். அதுவரை வண்டி நிற்கட்டும்.

மூடியைப் படிக்காமல் ஆயில் ஊற்றுவது

பி.எம்.டபிள்யூவின் இ46, இ39 வகைகளில் சில வண்டிகளுக்குச் சிவப்பு நிற ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), சிலவற்றுக்குப் பச்சை நிற சி.எச்.எஃப். 11 எஸ் என்னும் ஹைட்ராலிக் ஆயில்; எது என்று ரிசர்வாயர் மூடியிலேயே அச்சிட்டிருப்பார்கள். பென்ஸுக்கு அந்நிறுவனத்தின் 236.3 போன்ற தர எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். எழுத்து அழிந்திருந்தால் சேஸி நம்பரைக் கொடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லாவற்றிலும் கொடியது, அவசரத்துக்குப் பிரேக் ஆயிலை ஊற்றுவது. அது பெட்ரோலிய எண்ணெய் அல்ல, கிளைக்கால் என்னும் வேதிப்பொருள் வகை. நைட்ரைல் சீல்களை உப்பச் செய்து கெடுத்துவிடும். பிறகு பம்ப், ரேக், ஹோஸ் என்று ரப்பர் உள்ள இடம் அத்தனையையும் பார்க்க நேரிடும்.

கசிவை அடைக்கும் மருந்து ஊற்றுவது

வேண்டாம். அது சீலை உப்ப வைத்துச் சில காலம் ஒழுக்கை மறைக்கும். பின்னர் அந்தச் சீல் மேலும் தளர்ந்துவிடும்.

பிரஷர் லைனைச் சாதாரண ஹோஸும் கிளிப்பும் கொண்டு ஒட்டுப்போடுவது

ஸ்டீயரிங்கைக் கோடிவரை திருப்பிப் பிடிக்கும்போது, பம்பிலிருந்து ரேக்குக்கு ஆயிலைக் கொண்டுபோகும் அந்த லைனில் அழுத்தம் 100 பாரை எட்டிவிடும். கார் டயரில் இருப்பதோ 2 பாருக்குச் சற்றே மேல். ஹோஸ் பிடுங்கிக்கொண்டு, கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஆயில் பீய்ச்சினால் வண்டி தீப்பிடிக்கக்கூடும். ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்பும் லைனுக்குக் கிளிப் போதும். பிரஷர் லைனுக்கு இரும்பு முனை அழுத்திப் பொருத்திய ஹோஸ் மட்டுமே. முட்டம், குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் ஓடும் வண்டியானால், ஹோஸோடு சேர்த்து இரும்புக் குழாயையும் பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் கிளாம்புக்கு அடியில் உப்புக்காற்றின் ஈரம் தங்கி, வெளியே தெரியாமல் துரு அரித்திருக்கும்.

பான்ஜோ போல்டின் பழைய வாஷரையே மீண்டும் போடுவது

பிரஷர் லைனைப் பம்போடு இணைக்கும் துளையுள்ள போல்ட் இது. இரு பக்கமும் புது வாஷர், ஒவ்வொரு முறையும்.

காற்றை எடுக்காமல் எஞ்சினைத் தட்டுவது

கசிவை நிறுத்தியவுடன் ஆயிலை நிரப்பி எஞ்சினைத் தட்டினால், பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து அடித்து நுரையாக்கும். உறுமல் சத்தம் கேட்டதும் பம்ப் போய்விட்டது என்று அடுத்த செலவுக்குக் கிளம்புவார்கள். முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, எஞ்சின் ஓடாத நிலையில், ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் மெதுவாகப் பலமுறை திருப்ப வேண்டும். ரிசர்வாயரில் குமிழி வருவது நிற்கும்வரை அவ்வப்போது ஆயில் சேர்க்க வேண்டும். அதன் பிறகே எஞ்சினை ஓடவிட்டு மீண்டும் திருப்பலாம். எந்தக் கோடியிலும் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து நிறுத்தக் கூடாது. அளவைக் குச்சியில் குளிர்ந்த நிலைக்கு ஒரு கோடும் சூடான நிலைக்கு ஒரு கோடும் இருந்தால், குளிர்ந்த வண்டியில் சூட்டுக் கோடுவரை நிரப்பாதீர்கள். சூடேறியதும் மிகுதி ஆயில் மூடி வழியே வெளியேறி, சரிசெய்த இடத்தின் மேலேயே வழியும்.