வெளி எஸ்எஸ்டியில் லினக்ஸ்: துவக்க நிரல் தங்கியிருந்த இடம்

மடிக்கணினியின் உள் டிஸ்க்கைத் தொடாமல் லினக்ஸை இயக்க விரும்பி, 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை யூஎஸ்பி பெட்டியில் பொருத்தி அதில் நிறுவினேன். என் கணினியில் நன்றாக ஓடியது, தம்பியின் கணினியில் துவக்கப் பட்டியலிலேயே தென்படவில்லை. கேபிளைச் சந்தேகித்து ஒரு மாலைப்பொழுதை வீணாக்கிய பிறகுதான், எஸ்எஸ்டியைக் கழற்றினால் என் மடிக்கணினியும் விண்டோஸுக்குள் போகாமல் லினக்ஸைத் துவக்கும் நிரலான க்ரப்பின் கருப்புத் திரையில் நின்றுவிடுவதைக் கவனித்தேன். வெளி எஸ்எஸ்டியையே நான் தெரிவு செய்திருந்தும், நிறுவல் நிரல் க்ரப் துவக்க நிரலை உள் டிஸ்க்கில் துவக்க நிரல்களுக்கென உள்ள இஎஃப்ஐ பகிர்வில் எழுதியிருந்தது.

எஸ்எஸ்டியில் இடம் ஒதுக்கி, ஃபேட்32 வடிவில் 300 எம்பி அளவுள்ள இஎஃப்ஐ பகிர்வை உருவாக்கி, பழைய பகிர்வுக்குப் பதிலாக அதை மவுண்ட் செய்து (லினக்ஸுடன் இணைத்து), எந்தப் பகிர்வை எங்கே இணைப்பது என்று குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பிலும் புதிய பகிர்வின் அடையாள எண்ணான யூயூஐடியை மாற்றி எழுதினேன். பின்னர் க்ரப்-இன்ஸ்டால் கட்டளையை 'ரிமூவபிள்' என்ற தெரிவுடன் இயக்கினேன். அந்தத் தெரிவு இல்லையென்றால் க்ரப் தனக்கென ஓர் அடைவில் அமர்ந்து, அதன் இருப்பிடத்தை அந்தக் கணினியின் மதர்போர்டில் உள்ள, மின்சாரம் இல்லாமலும் அழியாத நினைவகமான என்விரேமில் மட்டுமே பதிவு செய்யும். தெரிவு இருந்தால், யூஇஎஃப்ஐ என்ற துவக்க முறை கொண்ட எந்தக் கணினியும் தானாகத் தேடிப் பார்க்கும் பொதுவான இடத்தில் அமரும். துவக்க வரிசையில் விண்டோஸை மீண்டும் முதலில் வைத்தேன். தம்பியின் கணினியில் நம்பகமான கையொப்பம் உள்ள துவக்க நிரல்களை மட்டுமே அனுமதிக்கும் செக்யூர் பூட்டை அணைத்த பிறகு எஸ்எஸ்டி அங்கும் துவங்கியது.